முட்டைக்கோஸ் ஊர்வலம்

மூக்கு என்று ஒன்று எதற்காக இருக்கிறது என்று நான் என்னையே திட்டிக்கொண்ட நாட்கள் அவை. டிராக்டர் ஓட்டிப் பிழைக்கிறவளுக்குச் சாண நாற்றமும் டீசல் நாற்றமும் பழகிப்போனதுதான். ஆனால் அழுகிய முட்டைக்கோஸ் நாற்றம் வேறு ரகம். தலைமுடிக்குள் புகுந்துகொள்ளும். தலையணையில் ஏறிக்கொள்ளும். சாப்பிட உட்கார்ந்தால் தட்டிலிருந்தே அடிக்கும். "போய்க் குளிச்சிட்டு வாயேன்" என்பார் என் வீட்டுக்காரர். குளித்துவிட்டுத்தான் வந்து உட்கார்ந்திருப்பேன்.

அந்த நாற்றத்தையாவது சோப்புப் போட்டுத் தேய்த்துப் பார்த்தேன். அதை ஊர் ஊராக இழுத்துக்கொண்டு போகச் சொன்ன மனிதர்களை நினைத்தால்தான் இன்னும் குமட்டுகிறது. சொல்கிறேன், கேளுங்கள்.

முட்டைக்கோஸ் என் தம்பியுடையது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பிறகு இதை யாருமே நம்பவில்லை.

தம்பிக்குச் சொந்த நிலம் கிடையாது. நகரத்தில் இருக்கும் ஓர் அம்மாவின் நிலத்தைக் குத்தகைக்கு எடுத்து உழுதுகொண்டிருந்தான். வாயில் விரலை வைத்தாலும் கடிக்கத் தெரியாதவன். அவனுக்கு இருந்த ஒரே பைத்தியம் சுத்தம். மற்றவர்கள் வீட்டைக்கூட அப்படி வைத்திருக்க மாட்டார்கள், இவன் வயலை வைத்திருப்பான். களைக்கொத்தைக் கழுவித் துடைத்துத்தான் மாட்டுவான். "கல்யாணத்துக்குப் பெண் பார்க்க வர்றாங்களாடா உன் வயலை?" என்று நான் கிண்டல் செய்வேன். சிரித்துக்கொண்டே வேலையைப் பார்ப்பான்.

அந்த வருடம் கோஸ் அமோகமாக வந்திருந்தது. ஒவ்வொன்றும் கையில் அடங்காத உருண்டை. அறுக்க வேண்டிய வாரத்தில் பார்த்து ஊரடங்கு என்று ஊரை அடைத்துவிட்டார்கள். சந்தைக்குப் பூட்டு. லாரிக்காரன் போனையே எடுக்கவில்லை. ஓட்டல்கள் இல்லை, விடுதிகள் இல்லை, தெருவில் ஆளே இல்லை. தம்பி முடிந்தவரை அக்கம்பக்கத்துக்குச் சும்மா கொடுத்தான். எத்தனை கோஸைத்தான் ஒரு வீடு தின்னும்? கடைசியில் அவன் வருவதைப் பார்த்தாலே கதவைச் சாத்த ஆரம்பித்தார்கள்.

பிறகு உருண்டைகள் வெடித்தன. ஓரம் கறுத்து, உள்ளே கொழகொழவென்று ஆனது. வேறொருவனாக இருந்தால் தலையில் கையை வைத்து உட்கார்ந்திருப்பான். என் தம்பி அரிவாளை எடுத்தான். அழுகலை அப்படியே விட்டால் நோய் மண்ணில் இறங்கிவிடும், அடுத்த போகமும் போய்விடும் என்று ஒன்று விடாமல் அறுத்து வரப்பில் குவித்தான். கொட்டத்தான் இடம் இல்லை. அப்போதுதான் சங்கத் தலைவர் வந்தார்.

காய்கறி விளைவிப்போர் சங்கத்துக்கு அவர்தான் தலைவர். வெள்ளைச் சட்டையில் ஒரு கசங்கல் இருக்காது. அந்த வருடம் தன் நிலத்தில் ஒரு விதைகூடப் போடாமல் தரிசாக விட்டிருந்தார். "என் நிலத்தோரமா ஒரு குழி இருக்கு, அதுல கொட்டிக்கப்பா. நமக்குள்ள என்ன?" என்றார். தம்பி கையெடுத்துக் கும்பிட்டான். நான்தான் டிராக்டரில் அள்ளிக்கொண்டுபோய்க் கொட்டினேன். வயல் கண்ணாடி மாதிரி ஆனது.

அரசாங்கம் நிவாரணம் அறிவித்தது அதற்குப் பிறகுதான். ஊரடங்கில் விற்க முடியாமல் வயலிலேயே விளைச்சலைப் பறிகொடுத்த விவசாயிகளுக்கு வங்கிக் கணக்கில் நேராகப் பணம். அதிகாரி நேரில் வந்து, வீணான விளைச்சலை அந்தந்த வயலில் வைத்தே தன் போனில் படம் எடுக்க வேண்டும். எந்த இடத்தில் எடுத்தது என்று போனே பதிந்துகொள்ளும், யாரும் ஏமாற்ற முடியாது என்று பெருமையாகச் சொன்னார்கள்.

தம்பிக்கு அந்தப் பணம் உயிர். குத்தகைக் காலம் முடியப்போகிறது. மாதக் கடைசிக்குள் அடுத்த வருடக் குத்தகையைக் கட்டினால்தான் நிலம். "வேற ஒருத்தர் கேட்டுக்கிட்டிருக்கார். உன் முகத்துக்காகத்தான் பார்க்கறேன்" என்று நிலத்துக்கார அம்மா போனில் சொல்லியிருந்தார். நிலம் போனால் அவன் வெறும் ஆள்.

விடிந்ததும் வேளாண்மை அலுவலகத்துக்குப் போனோம். தரையில் சுண்ணாம்பால் வட்டம் போட்டு, வட்டத்துக்கு ஒருவராக நிறுத்தியிருந்தார்கள். அதிகாரியின் மேசைக்கு முன்னால் பிளாஸ்டிக் தாள் தொங்கியது. அதற்குப் பின்னால் இளம் வயது அதிகாரி, முகக்கவசத்துக்கு மேல் இன்னொரு முகக்கவசம்.

"இப்ப வயல்ல என்ன இருக்கு?"

"ஒண்ணும் இல்லைங்க சார். சுத்தம் பண்ணிட்டேன்."

"அப்புறம் என்னத்தைப் படம் எடுக்கறது? அழுகினப்ப நீங்களாவது ஒரு படம் எடுத்து வச்சிருக்கலாம்ல?"

தம்பி என்னைப் பார்த்தான், பிறகு அவரைப் பார்த்தான். "அழுகிப்போனதைப் போய் யாராவது படம் எடுப்பாங்களா சார்?"

அதிகாரி அடுத்த வட்டத்தைக் கூப்பிட்டார்.

இரண்டு நாள் கழித்துத் தலைவர் எனக்குப் போன் செய்தார். குழியில் கிடப்பதை அள்ளித் தன் நிலத்தின் நடுவில் கொட்ட வேண்டுமாம். முன்பக்க வாளியை இறக்கி அள்ளும்போதே எனக்கு விஷயம் புரிந்துவிட்டது. தரிசில் முளைத்திருந்த புல்லை ஒருவன் மண்வெட்டியால் செதுக்கிக்கொண்டிருந்தான். குவியலைக் கொட்டியதும் தலைவரே குனிந்து, பார்க்க முழுசாக இருந்த நாலைந்து உருண்டைகளை மேலே எடுத்து வைத்தார், முகம் தெரிய.

"இது என் தம்பி கோஸ், தலைவரே," என்றேன்.

"யாரு இல்லைன்னா? என் குழியில கிடந்துச்சு, அவ்வளவுதான். அவனுக்கும் செஞ்சு விட்டுடலாம்மா. இது முடியட்டும், நேரா அவன் வயலுக்குக் கொண்டுபோய்க் கொட்டு. ஒரு படம் எடுத்துட்டா வேலை முடிஞ்சுது."

ஜீப் வந்தது. வரப்புக்கு அந்தப் பக்கமே நின்றது. நாற்றம் தாங்காமல் அதிகாரி இறங்கவே இல்லை. கண்ணாடியை நாலு விரல் அளவுக்கு இறக்கி, போனை மட்டும் வெளியே நீட்டிப் படம் எடுத்துக்கொண்டு போய்விட்டார். தலைவர் கர்சீப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். நடிப்பு என்று சொல்ல மாட்டேன். அந்த நாற்றத்துக்குக் கல்லுக்கும் கண்ணீர் வரும்.

தம்பியைக் கேட்காமலே அவன் வயலுக்கு வண்டியைத் திருப்பினால், "ஒரு நாள் பொறும்மா, மருமகனுக்கு இன்னைக்கே ஆகணும்" என்றார். மருமகன் வயலில் கொட்டினேன். அடுத்தது உரக்கடைக்காரர். அவரிடம்தான் சங்கத்தில் பாதிப் பேர் கடனுக்கு உரம் வாங்குகிறோம், மறுக்க முடியுமா? அதற்கடுத்து யாரோ மைத்துனர். ஒவ்வொருவரும் தலைவர் கையில் எதையோ திணித்தார்கள். எனக்கு வண்டி வாடகை வந்தது. வாங்கினேன். டிராக்டர் தவணை என் மூக்கைக் கேட்டு நிற்காது.

இடையில் குவியல் சின்னதாகத் தெரிகிறது என்று உரக்கடைக்காரர் சலித்துக்கொண்டார். வைக்கோலையும் காய்ந்த இலையையும் கொண்டுவந்து சேர்த்தார்கள். மாட்டுக் கொட்டகைக் குப்பையையும் நாலு கூடை கலந்தார்கள். ஈரம் போனால் படத்தில் அழுகலாகத் தெரியாது என்று ஒருவர் குடம் குடமாகத் தண்ணீர் வேறு ஊற்றினார். தங்கள் பயிருக்கு இவர்கள் ஒரு நாளும் இப்படித் தண்ணீர் பாய்ச்சியதில்லை.

எல்லாவற்றுக்கும் சிகரம் பல் டாக்டர். அவருக்கும் ஊர் எல்லையில் ஒரு துண்டு நிலம் இருந்தது, நாயை ஓடவிடுவதற்காக. பளபளக்கிற காரில் வந்து இறங்கினார். கையுறை, முகக்கவசம், புது ரப்பர் பூட்ஸ். குவியலுக்குப் பத்தடி தள்ளி நின்றுகொண்டு என்னைக் கேட்டார்: "ஏம்மா, நான் கொஞ்சம் சோகமா நிக்கட்டுமா? படத்துக்கு நல்லா இருக்கும்ல?"

"பல்லு தெரியாம நில்லுங்க டாக்டர், அது போதும்," என்றேன். மனுஷன் அதற்கும் சிரித்தார்.

அன்று நேராகத் தம்பி வீட்டுக்குப் போனேன். இத்தனை நாள் அவனிடம் நான் கேட்டுப் பார்க்காமல் இல்லை. "குவியலைக் கொண்டுவரட்டுமாடா?" என்று கேட்கும்போதெல்லாம் ஒரே பதில்தான். அன்றும் அதையே சொன்னான்.

"எனக்கு நிஜமாவே போச்சுக்கா. நிஜமாப் போனவன் எதுக்கு ஊர்வலம் சுத்தின குப்பையைக் காட்டணும்? அதிகாரி விசாரிக்கட்டும். விதை வாங்கின கடை இருக்கு, தண்ணி விட்ட ஆள் இருக்கான். கேட்டா சொல்ல மாட்டாங்களா?"

"யாருடா கேக்கப்போறாங்க? அவருக்குப் படம் வேணும்டா, மடையா! உன் வயல் பளிச்சுன்னு இருக்கு, அதனால உனக்கு நஷ்டமே இல்லையாம். காலி நிலத்துல நாய் மேய்க்கறவனுக்கு நஷ்டமாம். உன் பொருளை வச்சு ஊரே தின்னுது, நீ மட்டும் உத்தமனா உட்காந்திரு!"

"கத்தாத அக்கா."

"கத்துவேன்!"

அவன் மனைவி சமையலறை வாசலில் நின்றிருந்தாள். "அண்ணி, காலைல நிலத்துக்கார அம்மா மறுபடி போன் பண்ணாங்க," என்றாள். "மாசக் கடைசி வரைக்கும்தானாம். அதுக்கப்புறம் முகம் பார்க்க முடியாதாம். இவருகிட்ட சொன்னா எழுந்து வெளியே போயிட்டார்."

தம்பி கீழே பார்த்தபடி உட்கார்ந்திருந்தான். "சரி, கொண்டு வா," என்றான். அவன் வாயிலிருந்து அதைப் பிடுங்குவதற்குத்தான் நான் அத்தனை கத்தியிருந்தேன். வந்த பிறகு எனக்கு ஏன் அழுகை வந்தது என்று தெரியவில்லை. யார் மேல் என்று தெரியாத ஆத்திரத்தோடு வெளியே வந்து வண்டியை எடுத்தேன்.

தலைவர் இன்னும் இரண்டு பேரைச் சொன்னார். "இப்ப என் தம்பி வயலுக்குத்தான் போகுது. வேணும்னா உங்க ஆளுங்களை வேற வண்டி பிடிச்சுக்கச் சொல்லுங்க," என்று போனை வைத்துவிட்டேன். அந்தக் கண்றாவியை என்னைத் தவிர எவனும் வண்டியில் ஏற்ற மாட்டான் என்று அவருக்கும் தெரியும்.

குவியல் கடைசியாகக் கிடந்த இடத்தில் வாளியை இறக்கினேன். பழக்கத்தில் மூச்சைப் பிடித்துக்கொண்டேன். முடியாமல் விட்டபோதுதான் கவனித்தேன். நாற்றம் இல்லை. மழை பெய்த மண் வாசனை மாதிரி ஏதோ ஒன்றுதான் வந்தது. அப்பாடா, ஒழிந்தது சனியன் என்று எனக்கு ஒரே சந்தோஷம். முட்டாள், முட்டாள்! பாட்டுப் பாடிக்கொண்டே ஓட்டிவந்தேன் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

தம்பி வயலின் நடுவில் பழைய தார்ப்பாய் விரித்து வைத்திருந்தான், மண்ணில் படக்கூடாதென்று. அதன் மேல் கொட்டினேன். மேலே வைக்க முழு உருண்டை ஒன்றாவது கிடைக்குமா என்று இருவரும் கிளறிப் பார்த்தோம். காய்ந்த தண்டு நாலைந்து கிடைத்தது. மற்றதெல்லாம் கறுப்பாக, உதிரியாக இருந்தது. அப்போதுகூட என் மரமண்டைக்கு எதுவும் உறைக்கவில்லை.

ஜீப் வந்தது. வழக்கம்போல் வரப்புக்கு அப்பால் நின்றது. கண்ணாடி நாலு விரல் இறங்கியது. பிறகு முழுவதும் இறங்கியது. பிறகு கதவே திறந்தது.

அதிகாரி இறங்கி நடந்து வந்தார். இத்தனை வயல்களில் ஒரு முறைகூட மண்ணை மிதிக்காதவர், இங்கே வந்தார். குவியலுக்குப் பக்கத்தில் நின்று முகக்கவசத்தைக் கீழே இழுத்தார். குனிந்து ஒரு பிடி அள்ளினார். உதிர்த்தார். முகர்ந்துகூடப் பார்த்தார்.

"அடடா, பிரமாதமான எருங்க இது!" என்றார். படித்த படிப்பு அப்போதுதான் நினைவுக்கு வந்தது போல முகமெல்லாம் மலர்ச்சி. "பச்சைக் கழிவு, வைக்கோல், மாட்டுக் குப்பை, ஈரம், எல்லாம் சரியான அளவு. அடிக்கடி புரட்டிப் போட்டீங்களா? காத்து நல்லாப் போயிருக்கு. அதான் இவ்வளவு சீக்கிரம் மக்கியிருக்கு."

புரட்டிப் போட்டவள் நான்தான். வயல் வயலாக அள்ளி, கொட்டி, மறுபடி அள்ளி, மறுபடி கொட்டி, இந்தக் கையால்தான் பதமாக மக்க வைத்திருக்கிறேன்.

"சார், இது முட்டைக்கோஸ்," என்றான் தம்பி. "அழுகிப்போன கோஸ் சார். நான் போட்டது. என்னோட கோஸ்தான்."

"எல்லாரும் அதைத்தாங்க சொல்றாங்க," என்றார் அதிகாரி, கையைத் தட்டிக்கொண்டே.

அவ்வளவுதான், எனக்குத் தலைக்கு ஏறிவிட்டது. டிராக்டரிலிருந்து குதித்தேன். "எல்லாரும் சொன்னப்ப இறங்கிப் பார்த்தீங்களா சார்? தலைவர் நிலத்துல எடுத்தீங்களே, அது இந்தக் குவியல்! மருமகன் நிலத்துல எடுத்ததும் இதே குவியல்! பல் டாக்டர் முன்னால நின்னாரே, அதுவும் இதுதான்! எல்லாத்தையும் நான்தான் கொட்டினேன். நாறினப்ப கண்ணாடிக்குள்ள இருந்துட்டு, நாறாதப்ப வந்து மோந்து பார்க்கறீங்க. இவன் ஒருத்தனுக்குத்தான் சார் உண்மையிலேயே போச்சு!"

அவர் முகத்தில் இருந்த மலர்ச்சி போய்விட்டது. போனைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். முகக்கவசத்தை மெதுவாக மேலே ஏற்றிக்கொண்டார்.

"அம்மா, அந்தப் படமெல்லாம் மேல போயாச்சு. பணமும் ஏறியாச்சு," என்றார் தணிந்த குரலில். "நீங்க சொல்றதை நான் எழுதறேன்னு வச்சுக்குவோம். முதல்ல என் வேலை போகும். அடுத்து, இத்தனை இடத்துக்கும் வண்டி ஓட்டினது யாருன்னு கேப்பாங்க. எழுதட்டுமா?"

நான் வாயைத் திறந்தேன். தம்பி என் கையைப் பிடித்தான். "வேண்டாம் சார். எழுதாதீங்க," என்றான்.

நஷ்டம் எதுவும் இல்லை, இயற்கை எரு நல்ல நிலையில் இருப்பில் உள்ளது என்று போனில் தட்டிவிட்டு அவர் போனார். போகும்போது, எருவை வெயிலில் காயவிட வேண்டாம், மூடி வையுங்கள் என்று அக்கறையாகச் சொல்லிவிட்டுப் போனார். அவர் கெட்டவர் இல்லை. அதுதான் எனக்கு இன்னும் அருவருப்பாக இருந்தது.

மாதக் கடைசி வந்தது. என் கையில் இருந்ததைக் கொடுத்தேன், தம்பி தன் மனைவி கழுத்தில் இருந்ததை அடகு வைத்தான், அப்படியும் பாதிகூடத் தேறவில்லை. நிலத்துக்கார அம்மா வருத்தப்பட்டுத்தான் பேசினார். வேறொருவர் முழுத் தொகையையும் ஒரே தவணையில் கட்டிவிட்டாராம், அவரும் நல்ல மனிதராம், காய்கறி விளைவிப்போர் சங்கத்துக்கே தலைவராம்.

மறுநாள் காலை தம்பியின் சாமான்களை ஏற்றிக்கொண்டு வர நான் வயலுக்குப் போனேன். தெளிப்பான், குழாய்ச் சுருள், களைக்கொத்து, இரண்டு கூடை. எல்லாவற்றையும் கழுவி வரிசையாக வைத்திருந்தான். அப்போது தலைவர் மோட்டார் சைக்கிளில் வந்து இறங்கினார். வெள்ளைச் சட்டை.

"என்னப்பா, மனசுல ஒண்ணும் வச்சுக்காதே. எப்படியும் யாரோ எடுக்கத்தான் போறாங்க. வெளியாள் எடுக்கறதுக்கு நம்ம ஆளே எடுத்தா நல்லதுதானே?" என்றார். பிறகு எருவின் மேல் மடித்து மூடியிருந்த தார்ப்பாயைத் தூக்கிப் பார்த்தார். காலால் ஒரு தள்ளு தள்ளினார். "நல்லா மக்கியிருக்கே! என் குழியில இருந்து வந்தது, கடைசில என் நிலத்துக்கே வந்துடுச்சு பாரு. ஏம்மா, இன்னைக்கே வண்டியில அள்ளி வயல் பூரா பரப்பி விட்டுடு. வாடகை தந்துடறேன்."

"நீங்க மனுஷன்தானா?" என்றேன். "அவன் கோஸை வச்சு வாங்கின பணத்துல அவன் நிலத்தையே எடுத்துட்டு, அவன் எருவைப் பரப்பச் சொல்றீங்களே, உங்களுக்குக் கூசலையா? போய் உங்க சட்டையை மோந்து பாருங்க. இன்னும் அந்த நாத்தம்தான் அடிக்கும்."

அவர் என்னை ஒரு பொருட்டாகவே எடுத்துக்கொள்ளவில்லை. தம்பி பக்கம் திரும்பினார்.

"உன் அக்காவுக்கு எப்பவும் வாய்தான். நீ சொல்லுப்பா. நானும் கோஸ்தான் போடலாம்னு இருக்கேன். சந்தை திறந்துட்டாங்க, நல்ல விலை. உன்னை மாதிரி கோஸ் எடுக்க இந்த வட்டாரத்துல ஆள் கிடையாது. நாள் கூலிக்கு வந்துடு. நாற்று விடறதுல இருந்து அறுப்பு வரைக்கும் நீயே பார்த்துக்க. நிலம் உனக்குப் புதுசா என்ன?"

நான் தம்பியைப் பார்த்தேன். இப்போதாவது ஒரு வார்த்தை சொல்லடா. காறித் துப்படா. அந்தக் களைக்கொத்தை எடுத்து ஓங்கவாவது செய்யடா, நான் பிடித்துக்கொள்கிறேன். மனதுக்குள் கெஞ்சினேன்.

அவன் வண்டியில் ஏற்றிய கூடையைத் திரும்ப இறக்கினான். களைக்கொத்தையும் இறக்கி வரப்பில் வைத்தான்.

"காலைல எத்தனை மணிக்கு வரணுங்க?" என்று கேட்டான்.

"ஏழு மணிக்கு வந்துடு," என்றார் தலைவர். "சாப்பாடு கையோட கொண்டு வந்துடுப்பா."